சேர்த்து வைத்த கவரைக் காயலான் கடையில் எடுக்க மறுக்கிறார்களா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யுங்கள்

எங்கள் அடுக்ககத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய அரிசிச் சாக்கைக் கம்பியில் மாட்டி வைத்திருக்கிறோம். 24 வீடுகளின் பால் கவரும் மளிகைக் கவரும் அதில்தான் விழும். முதல் மூட்டையை ஆட்டோவில் ஏற்றிக் காயலான் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். கசக்கினார், முகர்ந்தார், மூட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "அக்கா, இதைத் திரும்ப எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். ஆட்டோ காசும் போச்சு, ஞாயிற்றுக்கிழமைக் காலையும் போச்சு.

இன்று அதே கடைக்காரர் எங்கள் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே தராசில் வைக்கிறார். நடுவில் நாங்கள் என்னென்ன தவறு செய்தோம், எதை எப்படிச் சரிசெய்தோம் என்பதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஆனால் முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றவற்றில் பாதிக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

அறிகுறி: சாக்கு நிறைந்துவிட்டது, ஆனால் தராசில் ஒன்றும் காட்டவில்லை

அரை லிட்டர் பால் கவர் ஒன்று ஏறக்குறைய மூன்று கிராம். தினம் இரண்டு பாக்கெட் வாங்கும் வீட்டில் மாதம் 60 கவர், அதாவது 180 கிராம். ஒரு கிலோ சேர ஐந்து ஆறு மாதம் ஆகும். தனி வீடாக இதைச் செய்தால் யாருக்குமே கட்டாது. உங்களுக்கும் அலுத்துவிடும், கடைக்காரருக்கும் நேரம் வீண். 24 வீடு சேர்ந்தால் பால் கவர் மட்டுமே மாதம் நான்கு கிலோவைத் தாண்டும். அப்போதுதான் பேச்சே தொடங்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஐம்பது மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள கவர் ஒரு கிலோவைப் பிரித்துத் தரையில் பரப்பினால் 20 சதுர மீட்டருக்கு மேல் வரும். நடுத்தர வீட்டு ஹாலே நிறைந்துவிடும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 40 சதுர மீட்டர். அவ்வளவு பரப்பிலும் தண்ணீர் ஒட்டும், பால் கொழுப்பு ஒட்டும், தூசி ஒட்டும். பாட்டிலைக் குலுக்கி ஊற்றினால் காய்ந்துவிடும், கவர் அப்படிக் காயாது. மறுசுழற்சியில் பாட்டில் ராஜா மாதிரி போக, கவர் மட்டும் வாசலிலேயே நிற்பதற்கு இந்த மெலிவுதான் காரணம்.

சரிசெய்ய: குறைந்தது பத்து வீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கவரைச் சுருட்டி உருட்டிப் போடாமல் தட்டையாக அடுக்கி, காலால் மிதித்து அமுக்குங்கள். பத்து கிலோ சேராமல் கடைக்குப் போக வேண்டாம். போவதற்கு முன் ஒரு பிடி மாதிரியைக் கொண்டுபோய்க் காட்டி, எடுப்பாரா என்று கேட்டுவிடுங்கள். நான் அதைச் செய்யாததால்தான் ஆட்டோவுக்கு அழுதேன்.

அறிகுறி: மூட்டையைத் திறந்தால் புளித்த நாற்றம், எறும்பு

பால் கவர்தான். ஓரத்தில் தங்கும் அரை ஸ்பூன் பால் இரண்டே நாளில் வேலையைக் காட்டிவிடும். பல வீடுகளில் கவரைக் கழுவுகிறார்கள், ஆனால் மூலையில் வெட்டிய சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீரை விட்டுக் குலுக்கி ஊற்றுகிறார்கள். உள்ளே போன தண்ணீரில் பாதி உள்ளேயே நிற்கும்.

சரிசெய்ய: பாலை ஊற்றியதும் கத்தரிக்கோலால் ஒரு பக்கத்தை முழுக்க வெட்டித் திறந்துவிடுங்கள். அரிசி களைந்த தண்ணீரில் ஒரு முறை அலசினால் போதும், சோப்பு வேண்டாம். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். பிறகு துணிக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். மழைக்காலமானால் சமையலறை டைல்ஸில் ஈரத்தோடு ஒட்டிவிடுங்கள். காய்ந்ததும் தானாக உரிந்து விழும், அதுதான் காய்ந்ததற்கு அடையாளம். எங்கள் மூன்றாம் மாடி மாமி கண்டுபிடித்த உத்தி இது.

மூலையை வெட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். துண்டு தனியாக விழும்படி வெட்டாதீர்கள், கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கட்டும். நகம் அளவுள்ள அந்த முக்கோணத் துண்டை யாரும் பொறுக்க மாட்டார்கள். எந்தச் சல்லடையிலும் நிற்காமல் சிங்க் வழியாகச் சாக்கடைக்குப் போய்விடும். ஒரு நாளைக்கு இரண்டு துண்டு என்றால் ஒரு வீட்டில் மட்டும் வருடத்துக்கு 730.

இட்லி மாவு கவர் தனி ரகம். மாவு காய்ந்தால் கோந்துதான். வெந்நீரில் கழுவலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள். சூட்டில் மாவு வெந்து இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் அரை மணி ஊறவிட்டால் வழுக்கிக்கொண்டு வரும். கோழி, மீன் வாங்கிய கவரைக் கழுவி நாற்றம் போக்க இரண்டு வாளித் தண்ணீர் செலவாகும் என்றால் அதை விட்டுவிடுங்கள். ஒரு கவருக்காக அவ்வளவு தண்ணீரை ஊற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதற்குப் பாத்திரம் கொண்டுபோவதுதான் வழி.

அறிகுறி: கழுவி, காயவைத்துத்தான் கொடுத்தேன், ஆனாலும் "கலப்படம்" என்கிறார்

கடைக்காரர் கசக்கிப் பார்த்தது இதற்காகத்தான். கண்ணுக்கு எல்லாம் ஒரே கவர் மாதிரி தெரிந்தாலும், பொருள் வேறு வேறு. பால் கவர் அடர்த்தி குறைந்த பாலிஎத்திலின், கடை மொழியில் "எல்டி". அது சுமார் 110 டிகிரி செல்சியஸில் உருகும். கசமுசவென்று சத்தம் போடும் கேரி பேக் பெரும்பாலும் அடர்த்தி கூடிய "எச்டி", அது சுமார் 130 டிகிரி. புதுச் சட்டையைச் சுற்றி வரும் பளபளக் கவர் "பிபி" (பாலிபுரோப்பிலின்), அதற்கு 160 டிகிரி வேண்டும். பாட்டில் செய்யும் பெட் 250 டிகிரிக்கு மேல். எல்டியை உருக்கும் இயந்திரத்துக்குள் ஒரு பிஸ்கட் உறை போனால், சுற்றிலும் எல்லாம் பாகாகிவிட, அது மட்டும் பொங்கலில் வேகாத அரிசி மாதிரி நிற்கும். உருக்கியதைச் சின்ன மணிகளாக வெட்டுவார்கள், அதுதான் குருணை. அந்தக் குருணையில் பை ஊதினால் அந்த இடத்தில் ஓட்டை விழும்.

வீட்டில் பிரித்தறிய ஆய்வகம் தேவையில்லை, இரண்டு கட்டை விரல் போதும். கவரின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுங்கள். ரப்பர் மாதிரி நீண்டு, வெளுத்து, விரல் தடம் பதிந்தால் எல்டி. பால் கவர், தயிர் கவர், மாவு கவர், சில மளிகைப் பருப்புக் கவர்கள், பபுள் கவர், புது மெத்தை சுற்றி வரும் பெரிய கவர் எல்லாம் இந்த இனம். நீளாமல் முரண்டு பிடித்து, ஓரத்தில் சின்னக் கீறல் விட்டதும் சர்ரென்று நேராகக் கிழிந்தால் பிபி வகை, அதைத் தனியாக வையுங்கள். உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னினால் அது பல அடுக்கு. சிப்ஸ், காபித் தூள், ஷாம்பு பாக்கெட் எல்லாம் அதில் சேரும். எல்டி மூட்டையில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது. சமையல் எண்ணெய்க் கவரைப் பார்த்தால் பால் கவரின் அண்ணன் மாதிரி இருக்கும். ஆனால் பலவற்றில் நடுவே வேறு அடுக்கு உண்டு, எண்ணெய்ப் பிசுக்கும் எளிதில் போகாது. நாங்கள் அதைச் சேர்ப்பதில்லை.

இன்னும் சந்தேகம் என்றால் தண்ணீர்ச் சோதனை. ஒரு துண்டை நீருக்குள் அமுக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ்களை விரலால் தேய்த்து விடுங்கள். பாலிஎத்திலினும் பிபியும் மேலே வரும். தண்ணீர்க் குழாய் செய்யும் பிவிசியும் பெட்டும் கீழே போகும். குமிழைத் தேய்க்க மறந்தால் எல்லாமே மிதக்கும், சோதனை பொய் சொல்லிவிடும். கொளுத்திப் பார்க்கும் சோதனையைப் பழைய ஆட்கள் சொல்வார்கள். வீட்டில் வேண்டாம்.

நிறமும் விலையைத் தீர்மானிக்கும். அச்சில்லாத வெள்ளைக் கண்ணாடிக் கவருக்குத்தான் மதிப்பு. அச்சடித்த பால் கவர் அதற்கு அடுத்தது. கறுப்புக் கவர் கடைசி. பல நிறம் கலந்த பழைய பிளாஸ்டிக்கை மறைக்கத்தான் கறுப்புச் சாயமே சேர்க்கிறார்கள். அதிலிருந்து திரும்பவும் கறுப்பைத்தான் செய்ய முடியும். பால் கவர் குருணையும் பாலுக்கான கவராகத் திரும்பி வருவதில்லை. தோட்டத்துக் கறுப்புக் குழாயாகவோ நாற்றுப் பையாகவோ குப்பைப் பையாகவோதான் வரும்.

அறிகுறி: "மக்கும் பை" என்று எழுதியிருக்கிறது, எதில் போடுவது?

எல்டி மூட்டையில் போடாதீர்கள். உண்மையான மக்கும் பை மாவுச்சத்து கலந்த வேறு பொருள். உருக்கும்போது மொத்தக் கொதிப்பையும் கெடுத்துவிடும். ஐஎஸ் 17088 என்ற தர எண் அச்சாகியிருந்தால் அது உரமாகக்கூடிய வகை. ஆனால் அந்தத் தரச் சோதனை, சூடு கட்டுப்படுத்தப்பட்ட பெரிய உரக்கூடத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மொட்டை மாடித் தொட்டியில் ஆறு மாதம் கழித்தும் அது அப்படியே கிடந்தால் உங்கள் மீது தவறில்லை. எண் எதுவும் இல்லாமல் பச்சை இலைப் படம் மட்டும் போட்டிருந்தால் நான் நம்புவதில்லை.

ஜவுளிக்கடையில் தரும், துணி மாதிரி இருக்கும் பையும் ஒரு பொறி. பாவும் ஊடும் இல்லாமல், வரிசையாகப் புள்ளி புள்ளியாக அழுத்திய தடம் தெரிந்தால் அது பிபி பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் அதுவும் ஒன்று என்பது பல கடைகளுக்கே தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருக்கிறார்கள். "இது 120 மைக்ரான், சட்டப்படி சரி" என்று சொல்லும் கடைக்காரர் ஒன்றிய அரசின் விதியைச் சொல்கிறார். 2022 டிசம்பர் 31 முதல் கேரி பேக்குக்கு அந்தத் தடிமன் வேண்டும் என்பது அந்த விதி. இங்கே மாநிலத் தடைக்குத் தடிமன் கணக்கே கிடையாது.

அறிகுறி: வாசலில் வைத்த பையை மாடும் நாயும் கிழிக்கின்றன

சோற்றைக் கவரில் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். மாட்டுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது, கவரோடு விழுங்கும். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். ஒரு பால் கவர் மூன்று கிராம் என்ற கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். உணவுக் கழிவைக் கவரில் கட்டாமல் வாளியில் வைத்து வண்டியில் நேராகக் கொட்டுங்கள்.

அறிகுறி: பிரித்துக் கொடுக்கிறோம், வண்டியில் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது

எங்களுக்கு அதிகக் கோபம் வந்தது இதில்தான், நாங்கள் அதிகம் தப்பாகப் புரிந்துகொண்டதும் இதில்தான். ஒரு நாள் வண்டியோடு வந்த தூய்மைப் பணியாளர் அம்மாவிடம் நின்று பேசினேன். "நீங்க கவரைத் தனியா போட்டீங்க சரி, ஆனா முடிச்சுப் போட்ட கறுப்பு கவருக்குள்ள போட்டுட்டீங்க. உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொண்ணா அவுத்துப் பாக்க நேரம் ஏது?" என்றார். அவர் சொன்னது சரிதானே.

சரிசெய்ய: கவர்களை உள்ளே இருப்பது தெரியும்படி வெள்ளைக் கண்ணாடிக் கவரில் போட்டு, வாய் திறந்தபடி கையில் கொடுங்கள். தினம் கொடுக்காமல் வாரம் ஒரு நாள், அவருக்கு வேலை குறைவான நாளில் கொடுங்கள். காய்ந்த எல்டி அவருக்குக் காசு. அந்தக் காசு அவருக்கே போகட்டும் என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் இப்போது பாதி மூட்டையை அப்படித்தான் கொடுக்கிறோம். அது ஒருபோதும் ஈரக் குப்பையோடு கலந்ததில்லை.

அறிகுறி: மாடியில் வைத்திருந்த கவரைத் தொட்டால் பொடிப் பொடியாக உதிர்கிறது

வெயில். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகளை அறுத்துவிடும். மக்கிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம், சின்னத் துண்டுகளாக உடைந்திருக்கிறது, அவ்வளவுதான். காற்றடித்தால் அத்தனையும் தெருவில். உதிரத் தொடங்கிய கவர் மறுசுழற்சிக்கு ஆகாது. மெதுவாக அள்ளிக் கட்டி, மக்காத குப்பையில் சேர்த்துவிடுங்கள். இனி கொடியில் காய வைப்பதோடு சரி, சேமிப்பு நிழலில் இருக்கட்டும். மாடிப்படிக்கு அடியில் எங்கள் சாக்கு போனதும் இதற்குப் பிறகுதான்.

அறிகுறி: கூரியர் கவர் மட்டும் தனியே தள்ளப்படுகிறது

கவரே எல்டிதான். தடையாக இருப்பது மேலே ஒட்டிய காகிதச் சீட்டும், பழுப்பு டேப்பும். டேப் பிபி இனம், பசை வேறு. சீட்டை உரிக்க மெனக்கெடாதீர்கள். கத்தரிக்கோலால் அந்தச் சதுரத்தையும், பசை உள்ள மடிப்பையும் அப்படியே வெட்டி எடுத்துவிட்டு மீதியைப் போடுங்கள். உங்கள் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஊர் சுற்றாமல் இருக்கும், இது கூடுதல் லாபம். பபுள் கவரை வெடித்துத் தட்டையாக்கிப் போடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலைக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

அறிகுறி: கவர் வீட்டுக்கு வருகிறது, ஆனால் மூட்டைக்கு வருவதில்லை

எங்கே போகிறது என்று பாருங்கள். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டி, வெந்நீர் அடுப்பு மூட்ட பால் கவரைத்தான் கொளுத்துவார். கெரசின் கிடைக்காத காலத்தில் ஈர விறகுக்கு அது நன்றாகப் பிடிக்கும், பாட்டியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குறைந்த சூட்டில் எரியும் பிளாஸ்டிக், கரியும் கார்பன் மோனாக்சைடும் கக்கும். நடுவில் ஒரு பிவிசித் துண்டு இருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையும் டையாக்சின் என்ற நச்சும் வரும். அடுப்புக்கு நேராகக் குனிந்து ஊதுபவர் அவர்தான். தேங்காய் மட்டையும் பழைய செய்தித்தாளும் கொண்டுபோய்க் கொடுத்தோம், கவர் எங்கள் சாக்குக்கு வந்தது.

அறிகுறி: சிப்ஸ் பாக்கெட்டை எவருமே எடுப்பதில்லை

எடுக்க மாட்டார்கள்தான். ஒட்டிய அடுக்குகளைப் பிரிக்கும் செலவு, கிடைக்கும் பொருளை விட அதிகம். இதைச் சுத்தமாகக் கழுவிச் சேர்ப்பது வீண் உழைப்பு என்பது என் கருத்து. காய்ந்த மக்காத குப்பையாகக் கொடுங்கள். உள்ளாட்சி மையங்களில் இப்படித் தேறாதவை சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போகின்றன. பாட்டிலுக்குள் திணித்துச் செங்கல் மாதிரி செய்யும் முறையும் பரவியிருக்கிறது. அது குப்பையைச் சில வருடம் ஒளித்து வைப்பது, அத்தோடு நல்ல பாட்டில் ஒன்றையும் கெடுப்பது.

அறிகுறி: துண்டாக்கும் இயந்திரத்தில் கவர் சுற்றிக்கொண்டு நின்றுவிடுகிறது

இது பிளாஸ்டிக்கைத் துண்டாக்கும் மகளிர் குழு மையங்களில் வேலை செய்பவர்களுக்கு. கவர் நீளமாக, ஒற்றையாகப் போனால் தண்டில் நூல் மாதிரி சுற்றும். முதலில் மெயினை அணைத்து, பிளக்கையும் பிடுங்குங்கள். பிறகுதான் கத்தி. சுற்றியதை நீளவாக்கில் அறுத்து எடுங்கள், கையால் இழுக்க வேண்டாம். அடுத்த முறை கவரைப் பந்து மாதிரி இறுக்கி, ஈரமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். அதற்கும் சுற்றினால் கத்தி மழுங்கியிருக்கிறது, அல்லது இடைவெளி கூடிவிட்டது.

துண்டுகள் தார்ச் சாலை போடுவதற்குப் போவதாக இருந்தால் இன்னொரு அறிகுறியைக் கவனிக்க வேண்டும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறை இது, 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ பெற்றுத் தந்தது. சுமார் 160 டிகிரிக்குச் சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துண்டைத் தூவினால் அது உருகி, கல்லைச் சுற்றித் தோல் மாதிரி படியும், பிறகு தார். துண்டு படியாமல் உருண்டையாக நின்றால் ஜல்லி போதிய சூட்டில் இல்லை, அல்லது பெட் கலந்திருக்கிறது. கண்ணும் தொண்டையும் எரியும் புகை வந்தால் பிவிசி கலந்திருக்கிறது. அந்த மூட்டையை உடனே நிறுத்திவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

குருணை அடிக்கும் இடத்திலிருந்து "உள்ளே குமிழ் குமிழாக இருக்கிறது" என்று புகார் வந்தால் வேறெதையும் தேட வேண்டாம், ஈரம்தான். 40 சதுர மீட்டரில் ஒட்டிய தண்ணீர் அங்கே போய் ஆவியாகியிருக்கிறது.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் மாதா மாதம் மூட்டை பெருத்துக்கொண்டே போகிறது

எங்களுக்கு இரண்டாம் வருடம் இது நடந்தது. நன்றாகச் சேர்க்கிறோம் என்று பெருமைப்பட்டோம், பிறகுதான் உறைத்தது. ஒரு மாதத்து மூட்டையைத் தரையில் கொட்டி எதெது எவ்வளவு என்று எண்ணினோம். பால் கவர் மாறவில்லை. கூரியர் கவரும் காய்கறிக் கவரும்தான் ஏறியிருந்தன.

பால் கவரிலும் கொஞ்சம் குறைக்க வழி உண்டு. இரண்டு அரை லிட்டருக்குப் பதில் ஒரு லிட்டர் பாக்கெட் வாங்கினால், அதே தடிமன் என்று வைத்துக்கொண்டால், கவர் ஐந்தில் ஒரு பங்கு குறையும். காய்கறிக்குப் பை கொண்டுபோகத்தான் எல்லோரும் நினைக்கிறோம், மறப்பதுதான் சிக்கல். கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் நாணயம் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரத்தை 2022இல் வைத்தார்கள். ஆனால் மறக்கும் ஒவ்வொரு முறையும் பத்து ரூபாய் என்றால் வீட்டில் மஞ்சப்பை மூட்டை சேர்ந்துவிடும், எனக்குச் சேர்ந்தது. இப்போது இரண்டு பையைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் மழைக்கோட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பை வீட்டுக்குள் போனதும் காலி செய்து, சாவி மாட்டும் ஆணியிலேயே மாட்டிவிடுகிறேன். வண்டியை எடுக்கும்போது சாவியோடு கையில் வந்துவிடுகிறது.